சத்தம் எங்கே இருக்கு?

படவேட்டில் வாழைத்தார் ஏற்றும் எங்கள் பழைய ஜீப், ரேணுகாம்பாள் கோயிலைத் தாண்டும்போதே பின்னால் 'கடகட'ங்கும். பாரம் ஏற்றினால் மௌனம். பட்டறையில் ஷாக் அப்சார்பரை மாற்றினார்கள். அப்பாவின் ஒரு வார வருமானம் போச்சு, சத்தம் போகவில்லை.

"நம்ம வீட்ல நீதான் மொதல்ல படிக்கிற, பாருடா" என்றார் அப்பா. சேஸிஸைத் தாங்கி நிறுத்தி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, பட்டாவைக் கடப்பாரையால் நெம்பினேன். ஷாக்கிள் புஷ் தேய்ந்து, அதற்குள் பின் லொடலொடத்தது! பாரம் அழுத்தினால் ஆட இடமில்லை, அதனால்தான் மௌனம். புது புஷ்ஷுக்கு ஆன செலவு சொற்பம்.

காரணம் தேடாமல் பாகத்தை மாற்றுவது வைத்தியமல்ல, சூதாட்டம். தோற்பது ஏழையின் காசு. நம் ஒர்க்ஷாப்பில் வெட்டிவைத்த இன்ஜின் மட்டும் போதுமா? சத்தம் போடும் பழைய வண்டி ஒன்றும் நிற்கட்டும். பிராக்டிகல் பரீட்சைக்கு அதுவே கேள்வித்தாள் ஆகட்டும்!