மல்லாரி மட்டும் போதுமா?

சென்ற வாரம் ஓர் அலுவலாகப் புறக்கோட்டைக்குச் செல்ல நேர்ந்தது. முதலாம் குறுக்குத் தெருவில் எவர் மீதும் இடியாமல் நடப்பது ஒரு தனிக் கலை என்பதை நேயர்கள் அறிவர். மூட்டை சுமந்து வரும் நாட்டாமைகளுக்கு வழிவிட்டு ஒதுங்கியபோது, ஒரு மின்சாதனக் கடையின் வாசலில் நின்றோம். அங்கே பையன் ஒருவன் ஒலிபெருக்கி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தான். அதிலிருந்து எழுந்தது ‘சித்தி’ தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாடல்.

நமக்குப் பக்கத்தில், கையில் பையுடன் நின்ற வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர், பையன் பாட்டை நிறுத்தப்போவதைக் கண்டு, “நிப்பாட்டாதை ராசா, முழுக்கப் போகட்டும்” என்றார். பிறகு நம்மைப் பார்த்து, “இந்தப் பாட்டுக் கேட்டால் வீட்டில ஐஞ்சு பேரும் செய்த வேலையை விட்டிட்டு வந்து இருந்திடுவம். இப்ப அவரும் இல்லை. பிள்ளையள் ரொறன்ரோவிலயும் லண்டனிலயும். பாட்டு மட்டுந்தான் இஞ்ச நிக்குது” என்றார்.

அந்த அம்மையாரின் சொற்கள் வீடு வந்த பின்னரும் நம்மை விடவில்லை.

‘சித்தி’ 1999 டிசம்பரில் சன் தொலைக்காட்சியில் தொடங்கி 2001 நவம்பரில் நிறைவெய்தியது. வைரமுத்து எழுத, தினா இசையமைக்க, நித்யஸ்ரீ மகாதேவன் பாடிய பாடல் அதன் முகப்பில் ஒலித்தது. ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம், கதை தொடங்குமுன் நாள்தோறும் அதே குரல், அதே மெட்டு. திரைப்படப் பாடலை நாம் விரும்பியபோது கேட்கிறோம். முகப்புப் பாடலோ ஒரு குறித்த வேளையில், குறித்த மனிதர்களுடன், ஒரே கூடத்தில் அமர்ந்து கேட்பது. ஆகவே அது நினைவில் பதியும்போது பக்கத்தில் இருந்தவர்களையும் சேர்த்தே பதிந்துவிடுகிறது. அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த தாயும், புத்தகத்தை மூடி வைத்த பிள்ளையும் அந்த மெட்டுக்குள் இருக்கிறார்கள்.

இது நமக்குப் புதியதன்று. கோயிலில் சுவாமி புறப்பாட்டின்போது நாதஸ்வரக் கலைஞர் மல்லாரி வாசிப்பது மரபு. பெரும்பாலும் கம்பீரநாட்டை இராகத்தில் அமைந்த அந்த இசைக்குச் சொற்கள் இல்லை. ஆயினும் அதைக் கேட்ட மாத்திரத்தில், ‘சுவாமி வருகிறார்’ என்று தெருவார் வாசலுக்கு வந்துவிடுகின்றனர். முகப்பிசையும் ஒருவகை மல்லாரியே. பின்னால் வரவிருப்பதை முன்னால் அறிவிப்பது.

பழைய தொடர்களைப் புதுப்பிக்க முனைவோர் பழைய முகப்பிசையை ஏன் நாடுகின்றனர் என்பது இதனால் விளங்கும். 2020 ஜனவரியில் ‘சித்தி 2’ தொடங்கியபோது பழைய பாடலே மீண்டும் ஒலித்தது. முதல் தொடரின் நாயகியான ராதிகாவே இரண்டாவதிலும் தோன்றினார். ஆனால் 2021 இல் அவர் விலகிக்கொண்டார். தொடரோ அதே பெயரில் 2022 வரை நடந்தது. சித்தி இல்லாத ‘சித்தி’! எவரையும் குறை கூற இதனைச் சொல்லவில்லை. கலைஞர்களுக்கு ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். ஆயினும் மல்லாரியைக் கேட்டு வாசலுக்கு வந்தவர்கள், சுவாமியைக் காணாமல் ஒரு கணம் திகைத்திருப்பார்கள் அன்றோ?

பழைய மெட்டை எப்படிக் கையாள்வது என்பதில் பிற நாட்டாரும் இடறியே கற்றிருக்கின்றனர். அமெரிக்காவில் 1968 இல் தொடங்கிய ‘ஹவாய் ஃபைவ்-ஓ’ என்னும் துப்பறியும் தொடருக்கு மோர்ட்டன் ஸ்டீவன்ஸ் அமைத்த முகப்பிசை உலகப் புகழ் பெற்றது. 2010 இல் அத்தொடரைப் புதுப்பித்தவர்கள் அதனை முதலில் மின்கித்தார் முழக்கத்துடன் மாற்றிப் பார்த்தனர். பழைய இரசிகர் முகஞ்சுளிக்கவே, பழைய வாத்தியக் கோவையையே பின்பற்றி, முதற்பதிவில் வாசித்த கலைஞர் சிலரையும் அழைத்து, மீண்டும் பதிவு செய்தனர்.

இங்கிலாந்தின் ‘டாக்டர் ஹூ’ தொடரின் கதை நம்மை இன்னும் சிந்திக்க வைப்பது. 1963 இல் ரான் கிரெய்னர் எழுதிக் கொடுத்த மெட்டுக்கு உருவம் தந்தவர் பி.பி.சி.யில் பணிபுரிந்த டீலியா டெர்பிஷயர் என்னும் பெண்மணி. ஒலிகளை நாடாவில் பதிந்து, அவற்றின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியும் அவர் அதை ஆக்கினார். வருவாயில் அவருக்கும் பாதி சேரவேண்டுமென்று கிரெய்னரே விரும்பினார். நிறுவன விதிகள் இடந்தரவில்லை. 2005 இல் தொடர் புத்துயிர் பெற்றபோதும் அந்த மெட்டே முகப்பில் நின்றது. அம்மையார் 2001 இலேயே காலமாகிவிட்டார். அவருடைய பெயர் முதன்முதலாகத் திரையில் தோன்றியது 2013 இல், தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் பகுதியில்!

பழைய மெட்டை எடுத்தாள்வது தவறன்று. நல்ல மெட்டு மீண்டும் ஒலிக்கத்தான் வேண்டும். ஆனால் அது கடையில் விலைக்கு வாங்கும் வெறும் பண்டமன்று. அதன் மதிப்பிற் பாதி, அதைக் கேட்டு வளர்ந்த குடும்பங்களின் நினைவிலே இருக்கிறது. அந்த நினைவைக் கடனாகப் பெறுவோர் இரண்டைச் செய்தல் வேண்டும்: அழைத்தவர்களுக்கு உரிய கதையைத் தருவது ஒன்று, ஆக்கியவர்களின் பெயரை மறவாமல் காட்டுவது மற்றொன்று.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றிரவு வீட்டில் மூத்தவர்களிடம், அவர்களை ஓடிவந்து அமரச் செய்த முகப்பிசை எது என்று கேட்டுப் பாருங்கள். பாடிக் காட்டச் சொல்லுங்கள். பாட்டோடு, அன்று பக்கத்தில் இருந்தவர்களின் பெயர்களையும் அவர்கள் சொல்லத் தொடங்குவார்கள். இடைமறிக்காமல் கேளுங்கள்.

புறக்கோட்டைக் கடைப் பையன் பாட்டை முழுக்கப் போகவிட்டான். அது முடிந்த பிறகே அந்த அம்மையார் தம் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.