கொன்றது யார் என்பதல்ல நம் கேள்வி

'துப்பறியும் கதை பொழுதுபோக்குக்குத்தானே தோழர், அதிலுமா சாதியைத் தேடுவீர்கள்?' என்று மாணவர்கள் கேட்கிறார்கள். தேடத்தான் வேண்டும். ஆளைப் பார்த்ததுமே சந்தேகப்படும் புத்தியை வளர்த்ததில் இந்தக் கதைகளுக்கும் பங்கு உண்டு.

1890இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல் 'தி சைன் ஆஃப் ஃபோர்'. அதில் டோங்கா என்ற அந்தமான் பழங்குடி வருகிறார். ஹோம்ஸ் அலமாரியிலிருந்து ஒரு கெசட்டியரை எடுத்து, அந்த மக்கள் கொடூரர்கள், மனித மாமிசம் தின்பவர்கள் என்று வாசித்துக் காட்டுகிறார். முடிவில் டோங்கா சுடப்பட்டு தேம்ஸ் ஆற்றில் விழுகிறார். கொலை செய்தது அவர்தான் என்றே கோனன் டாயில் எழுதியிருக்கிறார், எங்கள் சண்டை அதோடு அல்ல. ஒருவரை அறிய அவர் இனத்தைப் பற்றிய குறிப்பே போதும் என்கிற முறையோடுதான். அதே சாம்ராஜ்யம் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் செய்ததும் இதைத்தான்.

இந்த வகையை உள்ளிருந்தே உடைத்தவர் செஸ்டர் ஹைம்ஸ். அமெரிக்கக் கறுப்பர். 1928இல் கொள்ளை வழக்கில் ஒஹையோ சிறைக்குப் போய், அங்கேதான் எழுதத் தொடங்கினார். பிறகு பாரிசில் இருந்துகொண்டு ஹார்லெம் துப்பறியும் நாவல்களை எழுதினார். அவருடைய இரண்டு கறுப்பு போலீஸ்காரர்களும் சொந்த மக்களைத்தான் அடிக்கிறார்கள், அதை அவர் மறைக்கவில்லை. 1969இல் வந்த 'பிளைண்ட் மேன் வித் எ பிஸ்டல்' நாவலில் கொலை வழக்கை முடிக்க மேலதிகாரிகளே விடுவதில்லை. கடைசியில் அந்த இருவரும் இடிபடும் கட்டடத்திலிருந்து ஓடிவரும் எலிகளைச் சுட்டுக்கொண்டு நிற்கிறார்கள். மர்மம் அவிழாமலே நாவல் முடிகிறது. இதைக் குறை என்று சொல்பவர்கள் காவல் நிலைய வாசலில் மனுவோடு காத்திருந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

நமக்கு வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, 44 பேர். செய்தது யார் என்பதில் அந்தச் சேரியில் யாருக்கும் மர்மம் இல்லை. பணக்கார மிராசுதார்கள் நேரில் நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை உயர் நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை. எல்லோரும் விடுதலை. கதைகளில் கொலைகாரன் பெயர் கடைசி அத்தியாயத்தில் தெரியவரும். இங்கே முதல் நாளே தெரிந்த பெயர் தீர்ப்பில் காணாமல் போனது.

அதனால் தம்பிகளே, தங்கைகளே, இந்தக் கதைகளை விட்டுவிடச் சொல்லவில்லை, நீங்கள் எழுதுங்கள் என்கிறோம். கொலைகாரன் பெயரை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். எஃப்.ஐ.ஆரில் வன்கொடுமைச் சட்டப் பிரிவை விட்டது யார், டி.எஸ்.பி. விசாரிக்க வேண்டிய வழக்கை எஸ்.ஐ. எப்படி விசாரித்தார், சாட்சி எந்த வாரத்தில் பிறழ்ந்தார், அந்த வாரம் அவர் வீட்டுக்கு வந்துபோனது யார் என்று மீதிப் பக்கங்களில் துப்பறியுங்கள்.