முகம் காணாத வாடிக்கையாளர்



வீட்டிலிருந்தபடியே இணையவழியில் ஒரு தொழில் தொடங்கலாமா என்ற கேள்வியோடு வருகிறவர்கள் இந்நாட்களில் பெருகியிருக்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றபின் கிடைக்கும் சில மணி நேரத்தை வருமானமாக்க விரும்பும் தாய்மார், ஓய்வூதியம் போதாத பெரியவர்கள், படிப்பை முடித்து வேலைக்குக் காத்திருக்கும் வாலிபர் எனப் பலர். இவர்களுக்காக ஜெபித்து அனுப்பிவிடுவது ஒரு போதகனுக்கு எளிது. ஆயினும் இவர்கள் கேட்பது ஜெபத்தை மட்டுமல்ல, ஒரு கருத்தையும்கூட. என் கருத்து இதுதான்: தொடங்குங்கள். ஆனால் மெய்யான ஒரு பொருளை வைத்துத் தொடங்குங்கள். உங்கள் முதல் பத்து வாடிக்கையாளர்கள் நம் சபைக்கு வெளியே இருக்கட்டும்.

இரண்டாவதாகச் சொன்னது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். தெரிந்தவர்களிடம் விற்பதுதானே எளிது என்பீர்கள். எளிதுதான், அதுவே அதன் குறை. பக்கத்துப் பலகையில் அமர்ந்து பாடுகிற சகோதரி ஒரு பொருளை நீட்டினால் மறுக்க யாருக்கு மனம் வரும்? வேண்டாதவரும் வாங்குவார். பொருள் சுமாராயிருந்தாலும் ‘நன்றாயிருந்தது’ என்பார். விலை அதிகமென்றாலும் வாய் திறவார். ஆகவே உங்கள் பொருள் உண்மையில் நல்லதா, அந்த விலை தகுமா என்பது உங்களுக்கு ஒருபோதும் தெரியவராது. ஐம்பது பேர் தாட்சணியத்தால் வாங்கியதைத் தேவை என்று எண்ணி, நகையை அடகுவைத்துப் பெரிதாய்ச் சரக்கு எடுத்தால், ஐம்பத்தோராவது ஆள் வரமாட்டார். உங்களைக் கண்டிராத ஒருவர், வேறொரு ஊரிலிருந்து, தம் பணத்தைக் கொடுத்து வாங்கி, மறுபடியும் கேட்டு எழுதினால் அதுவே தொழில்.

வியாபாரத்தைத் தாழ்வாக நினைத்து இப்படி எழுதவில்லை. பிலிப்பி பட்டணத்தில் பவுலின் வார்த்தையைக் கேட்டு இருதயம் திறக்கப்பட்ட லீதியாள், தியத்தீரா ஊரிலிருந்து வந்து இரத்தாம்பரம் விற்றவள். அக்காலத்தில் அது விலையுயர்ந்த சரக்கு. தன் ஊரை விட்டு வந்து, அறியாத மக்களிடையே அதை விற்றுப் பிழைக்க, சாயத்தின் தரத்தில் பேர் எடுத்திருக்க வேண்டும். கொரிந்துவில் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் பவுலும் கூடாரம் செய்தார்கள். இவர்கள் எல்லாருடைய கையிலும் ஒரு பொருள் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஏனென்றால் ‘ஆன்லைன் பிசினஸ்’ என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வருகிற அழைப்புகள் பலவற்றில் பொருளே இருப்பதில்லை; இருந்தாலும் அது சாக்குக்குத்தான். முதலில் ஒரு தொகை கட்டவேண்டும், பின்பு நாலு பேரைச் சேர்க்கவேண்டும், அவர்கள் கட்டும் தொகையில் நமக்கு ஒரு பங்கு. காணொளிகளுக்கு விருப்பக்குறி இட்டால் சம்பளம் என்று தொடங்கி, முதலில் சிறு தொகை கொடுத்து நம்பவைத்து, பிறகு பெருந்தொகை கட்டச் சொல்கிற வகையும் உண்டு. ஆள் சேர்ப்பதிலிருந்து பணம் வருகிற இத்தகைய திட்டங்களை 1978-ஆம் ஆண்டின் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. 2021-இல் வந்த நேரடி விற்பனை விதிகளும் அவற்றைத் தடைசெய்கின்றன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இப்படிப்பட்டவர்கள் சபைகளைத் தேடிவருவதற்குக் காரணம் என்ன? நாம் ஒருவரையொருவர் நம்புகிறோம். அந்த நம்பிக்கை பல தலைமுறையாக, மரணப்படுக்கையருகிலும் கல்யாணப் பந்தலிலும் சேர்ந்து நின்று சம்பாதித்தது. அதை ஒருவர் தம் கமிஷனுக்காகச் செலவழித்தால், இழப்பு அவருடையது மட்டுமல்ல. பணம் போன குடும்பம் ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறது. வாலிபர் குழுவின் வாட்ஸ்அப்பில் இத்தகைய அழைப்புகளைப் பகிர வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான். பணத்தை ஏற்கெனவே இழந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். இதில் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு உதவி.

இனி, மெய்யான பொருளுக்கு வருவோம். நம் தென்மாவட்டத்தார் பலருக்கு எட்டும் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: கருப்பட்டி. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீரைக் காய்ச்சி, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றி எடுப்பது. வெயிலும் புகையும் தின்கிற உழைப்பு. சென்னையிலும் பெங்களூரிலும் இதைத் தேடுகிறவர்கள் உண்டு. தேடுகிறவர்களின் அச்சமும் ஒன்றே: சீனி கலந்திருக்குமோ? கலப்படம் அவ்வளவு பரவியிருக்கிறது. கடையில் வாங்குகிறவர் உடைத்துப் பார்ப்பார், நுனி நாவில் வைத்துப் பார்ப்பார். இணையத்தில் வாங்குகிறவருக்கு ஒரு படமும் உங்கள் சொல்லும் மட்டுமே உண்டு. உடன்குடியில் காய்ச்சாத கருப்பட்டிக்கு உடன்குடி என்று பெயரிட்டால் அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அந்தப் பெயர் புவிசார் குறியீடு பெற்ற பெயர். அது அந்த ஊர்ப் பனைத் தொழிலாளரின் சொத்து.

பையில் இரண்டு விதமான நிறைகல் வைத்திருக்கக்கூடாது என்று உபாகமம் கட்டளையிடுகிறது. வாங்கப் பெரிய கல், விற்கச் சின்னக் கல். இக்காலத்தில் இரண்டாவது கல் புகைப்படத்தில் ஒளிந்திருக்கிறது. படத்தில் ஒரு நிறம், பெட்டிக்குள் வேறு நிறம். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர், பேரம் பேசாமல் ஒரே விலை சொல்லி விற்கத் தொடங்கினார்கள். முதலில் வாடிக்கையாளர் விலகினர். நாளடைவில், சிறுபிள்ளையைக் கடைக்கு அனுப்பினாலும் பெரியவருக்குக் கிடைப்பதே கிடைக்கும் என்று ஊர் கண்டுகொண்டு அவர்களிடமே திரண்டது. இணையத்தில் வாங்குகிற ஒவ்வொருவரும் அந்தச் சிறுபிள்ளையின் நிலையில்தான் இருக்கிறார்.

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதைப் பற்றி நம் ஆண்டவர் பேசினார். ஆகவே ஒரு கணக்கு. தொகைகள் உதாரணத்துக்கு மட்டும். ஒரு கிலோ கருப்பட்டியை 400 ரூபாய்க்கு எடுக்கிறீர்கள். பெட்டி, தாள், ஒட்டுச்சீட்டு 35. குரியர் 90. ஆகச் செலவு 525. விலை 600 என்றால் மிச்சம் 75. நல்லதுதான் என்று தோன்றும். இப்போது, பொருள் கைக்கு வந்தபின் பணம் தருகிற முறையில் பத்துப் பெட்டி அனுப்பி, ஒன்று திரும்புகிறது என்று வையுங்கள். போக 90, வர 90, பெட்டிக்கு 35, ஆக 215 நட்டம். மற்ற ஒன்பதில் வந்த 675-இல் 460 மிஞ்சும். திரும்பிவந்த கருப்பட்டி நொறுங்கியோ கசிந்தோ போயிருந்தால் அதன் 400-உம் போய், பத்துப் பெட்டிக்கும் சேர்த்து மிச்சம் 60 ரூபாய். கட்டி ஒட்டி அனுப்பிய உங்கள் உழைப்புக்கு இன்னும் கூலி போடவில்லை! ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் கருப்பட்டி வியர்த்து இளகும் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரியும், குரியர்க்காரருக்குத் தெரியாது.

முறுக்கு, அப்பளம் போன்று இடம் அடைக்கிற பொருளானால் இன்னொரு கணக்கும் உண்டு. பல குரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அது எடையைவிட அதிகமானால் அதற்கே கட்டணம் வாங்குகின்றன. 30, 25, 20 அளவுள்ள பெட்டிக்குள் ஒரு கிலோ முறுக்கு இருந்தாலும் 3 கிலோவுக்குக் கட்டணம். பெட்டியை வாங்குமுன் இதைப் பெருக்கிப் பார்த்தவர்கள் குறைவு.

அரசு சார்ந்த காரியங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உண்ணும் பொருள் எதுவானாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். அந்த 14 இலக்க எண் உறையில் இருக்கவேண்டும். தயாரித்தவரின் பெயரும் முகவரியும், நிகர எடை, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, புகார் சொல்லத் தொடர்பு எண் ஆகியவையும் அச்சாகவேண்டும். 2023 அக்டோபர் முதல், வரம்புக்குட்பட்ட சிறு விற்பனையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே, ஒரு சேர்க்கை எண்ணை மட்டும் பெற்று, இணையச் சந்தைகள் வழியாகத் தம் மாநிலத்துக்குள் விற்கலாம். பிற மாநிலத்துக்கு அனுப்பினால் பொதுவாகப் பதிவு தேவைப்படும். அதைக் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. அதற்குப் பணம் கேட்கிற இணையதளம் அரசினுடையதல்ல. அதுபோலவே, உங்களுக்குப் பணம் வருவதற்கு யுபிஐ ரகசிய எண்ணை நீங்கள் அழுத்தவேண்டியதில்லை. ‘பெரிய ஆர்டர்’ என்று சொல்லி அழுத்தச் சொல்கிறவர் வாங்க வந்தவரல்ல.

ஒன்று விடுபட்டது. தொழில் தொடங்கியதும் வாலிபர் குழுவில், ‘எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போடுங்கள்’ என்று கேட்கிற வழக்கம் இருக்கிறது. தாமே வாடிக்கையாளர்போல நடித்துத் தம் பொருளுக்கு மதிப்புரை எழுதுவதை 2020-இன் மின்வணிக விதிகள் விற்பனையாளருக்குத் தடைசெய்கின்றன. ருசி பார்க்காத பிள்ளைகளை உங்களுக்காகச் சாட்சி எழுதவைப்பது அதைவிட மோசம் என்பேன். பொய்ச்சாட்சி சொல்லாதே என்று ஞாயிறு பள்ளியில் அவர்களுக்குக் கற்பித்தவர்கள் நாம்தானே? அதே விதிகள், சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக்கூடாது என்றும் கூறுகின்றன. மூன்று நட்சத்திரம் போட்டு, ‘அடியில் மண் இருந்தது’ என்று எழுதுகிற மதுரைக்காரரிடம் எரிச்சல்படாதீர்கள். வடிகட்டும் துணியை மாற்றவேண்டும் என்று செலவில்லாமல் சொல்லித் தந்தவர் அவர். நம் சபையார் அதை உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பதநீர் இறங்கும் காலம் ஏறத்தாழ மாசியில் தொடங்குகிறது. அதற்கு முன்பே பெட்டியின் அளவு, குரியர் கட்டணம், பதிவு, காய்ச்சும் குடும்பத்தாரோடு விலைப் பேச்சு ஆகியவற்றை முடித்துக்கொள்ளலாம். அவர்களிடம் அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள். வாங்கும் கல்லும் விற்கும் கல்லும் ஒன்றாயிருக்கட்டும். கணக்கு எழுதிப் பழகாதவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஞாயிறு ஆராதனை முடிந்தபின் வாருங்கள். வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் மூப்பர் ஒருவர், பின்னறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். விற்பதற்கு எதையும் அங்கே கொண்டுவர வேண்டாம்.