வேஷம் வேறு, மாற்றம் வேறு!



ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஆறாம் வகுப்புக்கு டவுன் பள்ளிக்குப் போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். புது இடத்துக்குப் போனதும் மனதுக்குள் ஒரு பயம் வரும். 'நம்ம பேச்சைக் கேட்டுச் சிரிப்பாங்களோ? நம்ம டிபன் பாக்ஸைப் பார்த்து முகம் சுளிப்பாங்களோ?' உடனே மற்றவர்களைப் போலப் பேச, நடக்க, உடுத்தத் தொடங்குவோம். அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டை மூடி வைத்து, மறைத்து மறைத்துச் சாப்பிடுவோம். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுவோம்.

கவலைப்படாதீர்கள். இந்தப் பயம் காந்தித் தாத்தாவுக்கும் வந்திருக்கிறது!

1888-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், வக்கீலுக்குப் படிக்க அவர் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 18. மாமிசம் சாப்பிடமாட்டேன், மது குடிக்கமாட்டேன், ஒழுக்கம் தவறமாட்டேன் என்று அம்மா புத்லிபாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

லண்டனில் ஒரு நண்பர், மாமிசம் சாப்பிடச் சொல்லி அவரை விடாமல் வற்புறுத்தினார். காந்தி மசியவில்லை. ஆனால், 'சைவம் சாப்பிட்டாலும் நான் நாகரிகத்தில் குறைந்தவன் இல்லை' என்று காட்ட ஆசைப்பட்டார். 19 ஷில்லிங் கொடுத்து உயரமான தொப்பி வாங்கினார். பணக்காரர்கள் துணி வாங்கும் பாண்ட் தெருவில் 10 பவுண்டு செலவழித்து ஒரு சூட் தைத்தார். அண்ணனிடம் கேட்டுத் தங்கக் கடிகாரச் சங்கிலி வரவழைத்தார். டை கட்டவும் தலை வாரவும் தினமும் கண்ணாடி முன் பத்து நிமிடம்!

அதோடு விட்டாரா? நடன வகுப்புக்கு 3 பவுண்டு கட்டினார். பியானோ ஒரு பக்கம் போகும், இவர் கால் இன்னொரு பக்கம் போகும். காதைப் பழக்க வேண்டும் என்று 3 பவுண்டுக்கு ஒரு வயலின் வாங்கினார். அழகாகப் பேசப் பழக இன்னொரு ஆசிரியரிடம் போனார்.

சுமார் மூன்று மாதம் இப்படிப் போயிற்று. பிறகு தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். 'வாழ்நாள் முழுவதும் இங்கேயா இருக்கப் போகிறேன்? நான் மாணவன். என் வேலை படிப்பதுதானே?'

அவ்வளவுதான்! வகுப்புகளை நிறுத்திக் கடிதம் எழுதினார். வயலின் ஆசிரியையை நேரில் பார்த்து, வந்த விலைக்கு வயலினை விற்றுவிடச் சொன்னார்.

அதன் பிறகுதான் உண்மையான மாற்றம் தொடங்கியது. ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார். வண்டிச் செலவைக் குறைத்து, பல மைல் தூரம் நடந்தே போனார். ஒரே ஓர் அறையில் தங்கி, ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தானே காய்ச்சிக் குடித்தார். லத்தீன் பாடத்தில் ஒருமுறை தோற்று, மறுபடி படித்துத் தேறினார். 1891-ல் பாரிஸ்டர் ஆனார். அம்மாவுக்குச் செய்த சத்தியத்தையும் கடைசி வரை காப்பாற்றினார்.

முப்பது ஆண்டுகள் கழித்து, அவர் உடை மறுபடியும் மாறியது. இந்த முறை நம் மதுரையில்! கதர் வாங்கக்கூடப் பணமில்லாத ஏழைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தார். மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோது, 1921 செப்டம்பர் 22 அன்று, சட்டையையும் தொப்பியையும் விட்டு அரைவேட்டிக்கு மாறினார். 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் போனபோதும் அதே வேட்டிதான். பக்கிங்ஹாம் அரண்மனையில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜைச் சந்தித்ததும் அதே உடையில்தான்!

ஒரே ஊர். முதலில் போனவர் தன்னை மறைக்கத் தொப்பி போட்டார். பின்னால் போனவருக்கு மறைக்க எதுவும் இல்லை.

அதற்காக, மாறவே கூடாது என்று நினைக்காதீர்கள். காந்தி ஆங்கிலம் படித்தார், சட்டம் படித்தார், சிக்கனம் பழகினார். அவை கடைசி வரை அவருக்குக் கைகொடுத்தன. நீங்களும் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். கோபத்தைக் குறையுங்கள். கோழி கிறுக்கியது போன்ற கையெழுத்தைத் திருத்துங்கள். இவையெல்லாம் வளர்ச்சி. ஆனால், ஆங்கிலம் வந்துவிட்டது என்பதற்காகப் பாட்டியின் பேச்சைக் கேட்டு வெட்கப்படுவதும், நண்பர்கள் சிரிக்கிறார்கள் என்பதற்காக இன்னொரு மாணவனைக் கேலி செய்வதும் வளர்ச்சி ஆகாது. அது வெறும் வேஷம்.

இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. 'யாருமே பார்க்காவிட்டாலும் இதைச் செய்வேனா?' என்று உங்களையே கேளுங்கள். 'செய்வேன்' என்று மனசு சொன்னால், தைரியமாக மாறுங்கள். 'மாட்டேன்' என்றால், கொஞ்சம் பொறுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம், 'நான் மாற்ற வேண்டியவை'. மறுபக்கம், 'எதற்காகவும் நான் விடக்கூடாதவை'. இரண்டு பக்கமும் மூன்று மூன்று எழுதினால் போதும். யாரிடமும் காட்ட வேண்டாம்.

திங்கட்கிழமை மதியம், டிபன் பாக்ஸைத் தயங்காமல் திறந்து வையுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு வாய் கொடுங்கள். முகம் சுளிப்பார் என்று நீங்கள் பயந்த நண்பர், 'இன்னும் கொஞ்சம் கொடு' என்று கேட்டாலும் கேட்பார்!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர் தாத்தா