எல்லை தாண்டிய மணமகளும் குடும்ப அட்டையும்

ஓசூரில் வசிக்கும் என் பழைய மாணவர், ஜூஜூவாடிக்கு அப்பால், கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில் பெண் எடுத்தார். அங்குள்ள அட்டையில் பெயர் நீக்கிச் சான்று பெற்றால்தான் இங்குள்ள குடும்ப அட்டையில் சேர்க்க முடியும். அதற்குள் அப்பெண்ணுக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அரசு மருத்துவமனை ஊர் கேட்பதில்லை. ஆனால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தனியார் மருத்துவமனைக்குச் செல்ல அட்டையில் பெயர் வேண்டும். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான பாதுகாப்பு கணவருக்கு உண்டு, மனைவிக்கு இல்லை.

இத்தனைக்கும் இத்திட்டம் தாராளமானதே. முகாம்வாழ் இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பில்லை. 6 மாதங்களுக்கு மேல் இங்கு வாழும் வெளிமாநிலத் தொழிலாளரும் உரிய சான்றுடன் சேரலாம்.

பெயர் நீக்க நிபந்தனை, இரு இடங்களில் அரிசி வாங்குவதைத் தடுக்க வந்தது. அறுவை சிகிச்சையை யாரும் இரு மாநிலங்களில் இருமுறை செய்துகொள்வதில்லை. எனவே காப்பீட்டுக்கு மட்டுமாவது திருமணப் பதிவுச் சான்றைத் தற்காலிக ஆதாரமாக ஏற்கலாம். பெயர் நீக்கத்தைப் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம்.