உழ்ஹிய்யா மாடு என்ன தின்றது?

கடந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னர் மாத்தளையில் நாங்கள் ஏழு பேர் கூட்டுச் சேர்ந்து ஒரு மாட்டை விலை பேசினோம். வயது பூர்த்தியா, கண் தெளிவா, நொண்டுகிறதா, காது வெட்டுப்பட்டிருக்கிறதா என்று எல்லாம் பார்த்தோம். அது என்ன தின்று வளர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் சுது கங்கைக் கரையோரக் குப்பையில் இரண்டு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று எலும்புத் துண்டொன்றை மென்றது. உடலில் பொஸ்பரஸ் குறைந்த மாடுகள் எலும்பைத் தேடிப் போகும் என்பது கால்நடை வைத்தியர்கள் அறிந்த விடயம்தான். எனக்கோ பிரித்தானியாவின் கதை ஞாபகத்துக்கு வந்தது.

1986இல் அங்கு பைத்தியப் பசு நோய் அடையாளங்காணப்பட்டது. மடுவங்களில் கழிக்கப்பட்ட எலும்பு, மூளை, முள்ளந்தண்டு என அனைத்தையும் உருக்கி, அரைத்துத் தூளாக்கி, மலிவான புரதம் என்று பசுக்களுக்கே தீவனமாகக் கொடுத்ததால் பரவிய நோய் அது. புல் தின்னும் பிராணிக்கு அதன் இனத்தையே ஊட்டினார்கள். இந்நோயைக் கொண்டுசெல்வது பக்டீரியாவோ வைரஸோ அல்ல. பிரியோன் எனும் உருத்திரிந்த புரதம். எவ்வளவு வேகவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது.

1990இல் விவசாய அமைச்சர் ஜோன் கம்மர், மாட்டிறைச்சி பாதுகாப்பானது என்று காட்டத் தன் நான்கு வயது மகளுக்குக் கமராக்களின் முன்னே பேர்கர் கொடுத்தார். 1996 மார்ச் 20ஆம் திகதி, மனிதருக்கும் இது தொற்றியிருக்கலாம் என்று அதே அரசாங்கம் பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 180,000க்கும் மேற்பட்ட மாடுகளில் நோய் உறுதியானது. அந்நாட்டில் மட்டும் 178 பேர் மாண்டனர்.

நாம் படிக்க வேண்டிய பகுதி இனித்தான். 1988இலேயே ஆடுமாடுகளுக்கு அந்தத் தூளைக் கொடுப்பதைத் தடை செய்துவிட்டார்கள். ஆனால் தடைக்குப் பின் பிறந்த 40,000க்கும் மேற்பட்ட மாடுகளுக்கும் நோய் வந்தது. கோழிக்கும் பன்றிக்கும் தீவனம் அரைத்த ஆலைகளிலேயே மாட்டுத் தீவனமும் அரைபட்டதே முக்கிய காரணம். நோயுற்ற மூளையில் ஒரு மில்லிகிராமே போதும் என்று பின்னர் பரிசோதனைகள் காட்டின.

இலங்கையில் இந்நோய் பதிவானதில்லை, அல்ஹம்துலில்லாஹ். எனவே பெருநாள் இறைச்சியைக் கண்டு எவரும் அஞ்சத் தேவையில்லை. 2020 செப்டெம்பரில் மாடறுப்புத் தடைக்கு அமைச்சரவை கொள்கையளவில் அங்கீகாரம் வழங்கியபோது, அலுவலக நண்பர் ஒருவர் இந்நோயைச் சொல்லி என்னிடம் வாதாடினார். மனிதன் மாட்டைத் தின்றதால் பிறந்த நோயல்ல, மாட்டுக்கு மாட்டைக் கொடுத்ததால் பரவியது என்றேன். அதே வாரம் நம்மவர் ஒருவர், ஹலாலாக அறுத்தால் இதெல்லாம் வராது என்றார். அதுவும் சரியல்ல. அல்ஜீரியாவின் வர்க்லா நகர மடுவத்துக்கு வந்த ஒட்டகங்களில் பிரியோன் நோய் இருப்பதை 2018இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கத்தி எவ்வளவு கூர்மையாயினும் பிராணி தின்றதை அது மாற்றாது.

தின்றதைக் கேட்பது நமக்குப் புதிதுமல்ல. அசுத்தம் தின்னும் பிராணியான ஜல்லாலாவின் இறைச்சியையும் பாலையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் உண்டு. அதைக் கட்டிவைத்துச் சுத்தமான தீனி கொடுத்த பின்னரே அறுக்க வேண்டும் என்று பிக்ஹ் நூல்கள் பேசுகின்றன. இறைச்சித் தூள் தின்ற மாடு இதில் அடங்குமா என்பதை உலமாக்கள் சொல்லட்டும்.

உக்குவளைப் பக்கம் சில வீடுகளில் கோழிக்கு வாங்கிய தீவனத்தில் மிஞ்சியதை மாட்டுத் தொட்டியில் கொட்டுவதைக் கண்டிருக்கிறேன். விரயமாகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் கோழித் தீவனத்தில் விலங்குப் புரதம் சேர்வதுண்டு. பிரித்தானியாவில் ஆலையில் நடந்தது இங்கே தொட்டியில் நடக்க இடமிருக்கிறது. 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீவனச் சட்டம் இருந்தும், வீட்டுத் தொட்டியை எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. மாடுகளை மொத்தமாக வாங்கும் பள்ளிவாசல் நிர்வாகங்கள்தான் கேட்க வேண்டும். கழிவுகளை ஆற்றோரம் வீசாமல் ஆழப் புதைக்கவும் அவர்களே ஏற்பாடு செய்யலாம். நான் கண்ட அந்த எலும்பு யாருடைய பெருநாளில் மிஞ்சியதோ!

அன்றிரவு வியாபாரிக்குத் தொலைபேசியில் பேசினேன். "புல்லும் புண்ணாக்கும்தான் நானா, வேற என்ன?" என்று சிரித்தார். புண்ணாக்கு எந்த ஆலையில் அரைத்தது, அங்கே வேறென்ன அரைக்கிறார்கள் என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, இத்தனை வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.