கசியும் குருதியும் கணக்கில் வராத நோயும்

மருத்துவ ஆய்வுச் செய்தியொன்றை வாசிக்கும்போது, அதன் பயன் யாரைச் சென்றடையும் என்றும் கேட்டுப்பார்க்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டன் நிறுவனத்தில் கத்தரீனா அக்காசொக்லு தலைமையிலான குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு அத்தகையது.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயில், உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே மூளையிலும் முள்ளந்தண்டிலும் உள்ள நரம்புகளின் மயலின் உறையை அழிக்கிறது. காப்புறை கழன்ற மின்கம்பியின் நிலைதான். அவ்வுறையை மீண்டும் உருவாக்கவல்ல இளங்கலங்கள் மூளையிலேயே உண்டு. ஆயினும் அவை பல வேளைகளில் முதிர்வதில்லை. காயத்தில் குருதியை உறையச் செய்யும் பைபிரினோஜன் என்ற புரதம், சிதைந்த குருதிக்குழாய்களின் வழியே மூளைக்குள் கசிந்து அம்முதிர்ச்சியைத் தடுக்கிறது என்பதை எலிகளிலும் கலவளர்ப்பிலும் அக்குழு காட்டியது. குருதி உறைவதற்கு வேண்டிய புரதம் என்பதால் அதை முற்றாக அகற்றிவிடவும் இயலாது. இன்று வழக்கிலுள்ள மருந்துகள் புதிய தாக்குதல்களைக் குறைப்பவை. இழந்த உறையை மீட்பவை அல்ல. ஆகவே நோயை விரைந்து அறிவதே பெரும் காப்பு.

இதற்கும் பசறை, லுணுகலை, அப்புத்தளைத் தோட்டங்களுக்கும் என்ன தொடர்பு? இந்நோய் தென்னாசியாவில் அரிது என்பது உண்மை. ஆனால் பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குவது. ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் தாக்குவது. கொழுந்து பறிப்போரில் பெரும்பான்மையினர் பெண்களே. ஒரு கண்ணில் மங்கல், கால் மரத்தல், தீராத அயர்ச்சி ஆகியவை முதல் அறிகுறிகள். மலையேறும் பெண்ணிடம் இவற்றை இரத்தச்சோகை என்றோ வேலைக்களைப்பு என்றோ சொல்லிவிடுவது எளிது. சில வாரங்களில் அறிகுறிகள் தாமாகவே தணிவதும் உண்டு. அவளும் மறுபடி கூடையைச் சுமப்பாள். நோயோ உள்ளே இருக்கும்.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். பதுளைக்கும், தேவைப்பட்டால் கண்டிக்கும் கொழும்புக்கும் போய்வரும் செலவு இலவசமல்ல. வேலைக்குப் போகாத நாளுக்குப் பெயரும் விழாது. நாட்கூலிக்காரிக்கு இது சிறிய இழப்பன்று.

மூன்று காரியங்கள் செய்யத்தக்கவை. தோட்ட வைத்திய உதவியாளருக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் இவ்வறிகுறிகளைக் கற்பிக்க வேண்டும். வைத்தியர் எழுதி அனுப்பும் பரிசோதனை நாட்களுக்கு முழுப்பெயர் போட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் இந்நோய்க்கான அத்தியாவசிய மருந்துகளாகச் சேர்த்த ரிட்டுக்சிமாப் முதலியவை மாகாண மட்டத்திலேயே கிடைக்க வேண்டும்.

அரிய நோய் என்பது எண்ணிக்கையைக் குறிக்கும் சொல். அலட்சியத்துக்கான அனுமதி அதில் இல்லை. தேடாத இடத்தில் எந்த நோயும் அரிதாகத்தான் தெரியும்.